கிண்டியில் முக்கால் மணி நேரக் காடு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு கிளம்பிவிடலாம். கிண்டி சிறுவர் பூங்காவில் மரநிழலுக்குள் வளைந்து போகும் நடைபாதைக்கு ஐந்துக்கு நாலரை. அதில் நடக்கவென்று நான் வாங்கிய ஷூவுக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் லேஸுக்கு. லேஸ் நல்ல லேஸ்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சைதாப்பேட்டையில் லேடீஸ் டெய்லர். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகப் பிளவுஸ் தைக்கிறேன். மிதிக்கிற மிஷின் இருந்தவரை காலுக்காவது வேலை இருந்தது. மோட்டார் மாட்டிய பிறகு என் உடம்பில் அசைவது பத்து விரலும் வாயும்தான். போன வருஷம் வலது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "நடங்கம்மா. ரோட்டுல இல்ல, மண்ணுல நடங்க" என்றார். சைதாப்பேட்டையில் மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் தெருவில் மண் தெரிந்தால் யாரோ பைப்புக்குத் தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்து பார்த்தேன். நாலாம் நாளே தலை சுற்றியது.

வழி சொன்னவள் என் கொழுந்தனார் மகள். காலேஜில் தாவரவியல், இரண்டாம் வருஷம். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான்.

"பெரிம்மா, பக்கத்துலயே ஒரு காடு இருக்கு. நீங்க அத ஒட்டித்தான் ஆயுசு பூரா பஸ்ல போய்ட்டு வரீங்க."

"அது மான் பார்க்குடி."

"மான் பார்க் வாசல்ல இருக்கு. பின்னாடி இருக்குறது காடு."

தீபாவளிக்கு முன்னால் எந்த டெய்லரும் தலை நிமிர முடியாது. தீபாவளி முடிந்து, அல்டரேஷன் சண்டைகளும் முடிந்து, நவம்பரில்தான் கிளம்பினேன். என் கடைக்கு வார விடுமுறை செவ்வாய். செவ்வாய்க்கிழமை காலையில் புது ஷூ போட்டுக்கொண்டு, பாட்டிலில் மோர் எடுத்துக்கொண்டு, சின்னமலை வழியாகப் போய் காந்தி மண்டபம் ஸ்டாப்பில் இறங்கினால், கேட் பூட்டியிருக்கிறது. பூங்காவுக்கும் வார விடுமுறை செவ்வாய்தான். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்கும் அதே செவ்வாய். பாப்பாவுக்குப் போன் செய்து திட்டினேன். "போர்டு போட்ருக்கும் பெரிம்மா" என்றாள். போட்டுத்தான் இருந்தது. பக்கத்தில் காந்தி மண்டபத்தில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒன்று புரிந்தது. அந்தச் சர்தார் பட்டேல் ரோட்டில் காந்தி மண்டபம், ராஜாஜி நினைவிடம், காமராஜர் நினைவிடம், பாம்புப் பண்ணை, ஐஐடி என்று வரிசையாகப் பார்க்கிறோமே, அத்தனையும் ஒரே துணியில் வெட்டிய கட்பீஸ். பாப்பா பிறகு விவரமாகச் சொன்னாள். ஆளுநரின் தோட்ட வீடாக இருக்கட்டும் என்று 1821-ல் கிண்டியில் இடத்தை அரசாங்கம் விலைக்கு வாங்கியிருக்கிறது. 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது 500 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாம். பிறகு கல்விக்குக் கொஞ்சம், நினைவிடங்களுக்குக் கொஞ்சம் என்று ஆளாளுக்கு வெட்டிக் கொடுத்தது போக, மிச்சம் சுமார் 270 ஹெக்டேர். அதைத்தான் 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. நல்ல துணியில் அளவு தெரியாதவன் கத்தரி வைத்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் இந்தத் துண்டாவது தப்பியதே என்றும் தோன்றியது. சென்னை மாதிரி ஊருக்கு நடுவில், ஆளுநர் மாளிகைக் காம்பவுண்டு என்ற ஒரே காரணத்தால்தான் அவ்வளவு மரமும் இத்தனை நாள் நின்றிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் நினைத்தபடி போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். டிக்கெட் எடுத்து நாம் நடப்பது அதன் வாசலில் இருக்கும் சிறுவர் பூங்காவில். 2024-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். காட்டின் உடல் நமக்கில்லை, பார்டர்தான். அதனால் என்ன, பார்டரைப் பார்த்துத்தானே சேலையே எடுக்கிறோம்.

அடுத்த நாள், புதன்கிழமை, கடையை மதியம் திறந்துகொள்ளலாம் என்று பாப்பாவோடு போனேன். உள்ளே நுழைந்ததும் முதல் கொஞ்ச தூரம் குழந்தைகளின் ராஜ்ஜியம். ஊஞ்சல், கூச்சல், கூண்டுப் பறவைகள், "அங்க பாரு மான்" என்று கை நீட்டும் தாத்தாக்கள். பேரப்பிள்ளை இருப்பவர்களுக்கு அதுவே போதும். நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அந்தச் சத்தத்தைத் தாண்டினால் பாதை நிழலுக்குள் போகிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே சட்டென்று கழுத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். ஆனால் காடு என்றதும் குற்றாலத்தையும் கொடைக்கானலையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒன்றுமில்லை. குட்டை மரங்கள், முள், கொடி, எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி. "இது புதர்தானேடி" என்றேன்.

பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிம்மா, இந்த மண்ணோட சொந்தக் காடே இதுதான்" என்று நின்ற இடத்திலேயே வகுப்பு எடுத்தாள். இதற்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வளர்கிற காடு. ஐப்பசி கார்த்திகையில் மொத்த மழையையும் வாங்கிக்கொண்டு, அதை வைத்தே சித்திரை வெயிலையும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் இலை சின்னதாக, தடிப்பாக, மெழுகு தேய்த்த மாதிரி பளபளப்பாக இருக்கும். வெயில் காலத்தில் ஒரேயடியாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்காது. உயரமாக வளர்ந்து காற்றுக்குத் தலை கொடுக்காது. சிக்கனக் குடும்பம் என்று புரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட காடு இப்போது துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் தாண்டிப் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இருப்பது அதில் பெயர் பெற்றது.

ஐயனார் என்றதும்தான் எனக்கு விளங்கியது. மதுராந்தகம் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் ஐயனார் கோயிலுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு சிக்கு இருந்தது. சூரைப்பழம் பறிக்கப் போய் கையெல்லாம் கீறிக்கொண்டு வருவோம். கறுப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, புளிப்பு. களாக்காய் ஊறுகாய் போடுவாள் பாட்டி. கிண்டியில் ஒரு செடியைக் காட்டி "இது சூரை" என்று பாப்பா சொன்னபோது, பழைய கஸ்டமரை நாற்பது வருஷம் கழித்துப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பழைய கஸ்டமர் என் சேலையைப் பிடித்துக்கொண்டது. சூரை முள் நேராக இருக்காது, வளைந்திருக்கும். பிளவுஸுக்கு நாம் வைக்கும் கொக்கியேதான். முன்னால் போனால் மாட்டும், பின்னால் வந்தால்தான் கழலும். நான் தெரியாமல் இழுத்தேன், முந்தானையில் ஒரு சாண் நீளத்துக்கு இழை உருவி வந்துவிட்டது. ஜார்ஜெட், சிந்தடிக், ஷிபான் எதையும் உடுத்திக்கொண்டு போகாதீர்கள். இது டெய்லராகச் சொல்வது. நெருக்கமாக நெய்த காட்டன் சுடிதார்தான் சரி. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் வேண்டாம் என்கிறாள் பாப்பா, பறவை விலகிப்போகுமாம். பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் முள் உங்களைத் தேடி வராது. நான்தான் அதைத் தேடிப் போனேன்.

நடக்கிற தூரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. முதுகில் பெரிய பை, தொப்பி, கையில் குச்சி சகிதம் மூன்று பையன்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "அவ்ளோதானா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் அவ்வளவுதான். போனில் பத்தாயிரம் அடி காட்டவேண்டும் என்பவர்கள் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போங்கள். இங்கே வேகமாக நடந்தால் ஒன்றும் கிடைக்காது. நாங்கள் அதே பாதையில் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம், அன்றைக்கு அதுவும் போதவில்லை. புடவைக்கடை வாசலில் நின்று பார்ப்பதற்கும், உள்ளே போய் விரித்துப் போடச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

பாப்பா கீழே உதிர்ந்து கிடந்த ஒரு இலையை எடுத்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். எலுமிச்சை. காட்டு எலுமிச்சையாம், அந்தக் காட்டில் நிறைய. விளா மரமும் நிற்கிறது, விநாயகர் சதுர்த்திக்கு வாங்குவோமே அந்த விளாம்பழம். மரத்தில் நின்று அதைப் பார்த்து எத்தனை வருஷம். வெயில் காலம் என்றால் கொன்றை பூத்து மஞ்சளாகத் தொங்குமாம், நான் இன்னும் பார்க்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் போகிற தைரியம் எனக்கில்லை.

மான்களைப் பற்றிக் கேட்பீர்கள். புள்ளிமானைச் சுலபமாகப் பார்க்கலாம். நான் அதிகம் நின்றது வெளிமான் முன்னால்தான். ஆண் வெளிமானுக்கு முதுகு முழுக்கக் கருங்காப்பி நிறம், வயிறு வெள்ளை, இரண்டும் சேருகிற இடத்தில் பிசிறே கிடையாது. யாரோ சாக்பீஸால் கோடு போட்டு வெட்டி ஒட்டவைத்த மாதிரி. கண்ணைச் சுற்றி வெள்ளைப் பைப்பிங். கொம்பு முறுக்கு. "பேருலயே இருக்கு பெரிம்மா, வெளிமான். அதுக்கு வெட்டவெளி வேணும், புல்லு வேணும், ஓட இடம் வேணும். புதர் மண்டினா புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், இதுக்குத் திண்டாட்டம்" என்றாள். காட்டில் மரம் அதிகமானால் எல்லோருக்கும் நல்லது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மானுக்குக் குர்குரே நீட்டிக்கொண்டிருந்தார். "சார், அதுக்கு அதெல்லாம் குடுக்கக்கூடாது" என்றேன். "குழந்த ஆசப்படுது" என்றார். குழந்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாக்கெட்டுகளைத்தான் பிறகு மான் மென்று வயிற்றில் சேர்த்துக்கொள்கிறது.

இப்போது ஷூவுக்கு வருகிறேன். பஜாரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ஆயிரத்து இருநூறு ரூபாய். "காடு, மல, எங்க வேணாலும் போலாம்கா" என்றார் விற்றவர். ஷூவின் அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளை நூலில் தடிமனான தையல் ஓடியிருந்தது, நான் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். தையல் கெட்டியாக இருந்தால் சரக்கு கெட்டி என்பது என் தொழில் நம்பிக்கை. மூன்றாவது தடவை போனபோது, முந்தின ராத்திரி மழை பெய்து பாதை ஈரமாக இருந்தது. பத்து நிமிஷம் நடந்திருப்பேன், வலது ஷூ முன்பக்கம் முதலை மாதிரி வாயைத் திறந்துவிட்டது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் டப் டப் என்று பேசியது. பாப்பா தன் தலைமுடி ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டிவிட்டாள். அப்படியே வெளியே வந்தேன்.

மறுநாள் மார்க்கெட் அருகே செருப்பு தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "நீயே டெய்லரு, உன்னையே ஏமாத்திட்டான் பாரு. இதுல தையலே இல்லம்மா. அச்சு." நான் நகத்தால் கீறிப் பார்த்தேன். உண்மைதான். நூல் மாதிரி, முறுக்கு மாதிரி, ஊசி ஓட்டை மாதிரிகூட ரப்பரிலேயே வார்த்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறான். தாங்கிக்கொண்டிருந்தது முழுக்கப் பசை. முப்பது வருஷம் ஊசி பிடித்தவள் பெயிண்ட் அடித்த தையலுக்கு ஆயிரத்து இருநூறு கொடுத்திருக்கிறேன். அண்ணன் மெழுகு நூலில் சுற்றி நிஜத் தையல் போட்டுக் கொடுத்தார், எண்பது ரூபாய். இன்றுவரை அசையவில்லை.

ஷூ வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தையலை விரலால் தடவாதீர்கள், நகத்தால் நெம்பிப் பாருங்கள். நூல் என்றால் கொஞ்சமாவது அசையும்.

இந்தச் சங்கதி நடந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, டிசம்பரில், அந்தப் பாதையில்தான் எனக்கு நிஜத் தையல் கிடைத்தது. காற்றடித்து ஓய்ந்த காலை. பாதை ஓரத்தில் அகலமான ஒரு இலை சுருண்டு கிடந்தது, பாதி பச்சை பாதி பழுப்பு. காலால் தள்ளப் போனேன். பாப்பா "பெரிம்மா!" என்று கத்திய கத்தலில் ஏதோ பாம்பு என்று நினைத்தேன். தையல்சிட்டுக் கூடு. உள்ளே முட்டை, குஞ்சு எதுவும் இல்லை. பழைய கூடுதான், காற்றில் காம்பு ஒடிந்து விழுந்திருக்கிறது என்று நன்றாகப் பார்த்த பிறகுதான் என்னைத் தொட விட்டாள். கிளையில் இருக்கிற கூட்டின் பக்கமே போகக் கூடாது என்று கண்டிஷன் வேறு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியெல்லாம் அப்புறம். இலையின் இரண்டு ஓரமும் ஒன்றை நோக்கி ஒன்று மடிந்து கூம்பாகி இருந்தது. ஓரத்தில் வரிசையாகத் துளை. துளையில் நுழைந்த இழை அந்தப் பக்க ஓரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. நான் முதலில் தேடியது முடிச்சை. முடிச்சு இல்லை. நாம் நூல் முனையில் முடிச்சுப் போடுவோம், இது இழையை வெளியே இழுத்து முனையைப் பிரித்துப் புசுபுசுவென்று குண்டாக்கி விட்டிருக்கிறது. அந்தக் குண்டு திரும்பத் துளைக்குள் நுழையாது. முடிச்சு செய்கிற வேலையை அது செய்கிறது. அடுத்தது, இது ஓடுதையல் இல்லை. ஒரு நூல் கடைசிவரை ஓடவில்லை. ஒவ்வொரு குத்தும் தனி. பட்டன் தைத்து அங்கேயே வெட்டிவிடுகிற மாதிரி. ஓடுதையலில் ஒரு இடம் விட்டால் சரசரவென்று எல்லாம் பிரியும். இதில் ஒன்று விட்டாலும் மற்றது நிற்கும்.

துளைக்கும் துளைக்கும் நடுவே விட்ட இடத்தைப் பாருங்கள், அதுதான் என்னை அசத்தியது. மெல்லிய துணியில் ஊசியை நெருக்கி நெருக்கிக் குத்தினால் ஸ்டாம்ப் கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் ஆறு மாசம் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. அந்தக் குருவிக்கு யார் குட்டினார்களோ. துளையும் இழை நுழைகிற அளவுதான், அதனால் இலை சீக்கிரம் வாடாதாம். பச்சையாகவே இருப்பதால் பக்கத்து இலைக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தைப்பது பெண் குருவி என்றாள் பாப்பா. அதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இழைகளில் பஞ்சும் சிலந்தி நூலும் நாரும் இருந்தன. ஒரே ஒரு இழை மட்டும் ரோஸ் நிறம். விரலில் உருட்டிப் பார்த்தேன், பாலியஸ்டர் நூல். எந்த டெய்லர் கடைக் குப்பையில் பொறுக்கியதோ. கூட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு ஆசைதான். பாப்பா விடவில்லை, அவள் சொன்னதுதான் சரி.

ஜனவரியில் ஒருநாள் தரையில் சருகு கிளறுகிற சத்தம். ஓணான் என்று நினைத்தேன். மைனா அளவில் ஒரு பறவை, வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதுகு பச்சை, இறக்கையில் நீலப் பட்டை, நெஞ்சு சந்தனம், வயிற்றுக்குக் கீழே ரத்தச் சிவப்பு, கண்ணில் கறுப்பு மை. இத்தனை கலரை ஒரே பிளவுஸில் வைத்தால் கஸ்டமர் என் முகத்தில் எறிவாள், இதற்கு எடுப்பாக இருக்கிறது. ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து, இமயமலை அடிவாரம் வரைக்கும் உள்ள இடங்களில் இருந்து, இந்தப் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. பூங்கா திறக்கிற நேரத்துக்கு அது காலைக் கூவலை முடித்திருக்கும், அதனால் குரல் கேட்கவில்லை. அரை நிமிஷம் பார்த்திருப்போம்.

பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது வேறு காரணத்துக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், தீபாவளி நெருக்கத்தில் ராத்திரி முழுக்கத் தைத்துவிட்டு விடிகாலையில் ஷட்டரைத் தூக்கினால், வாசலில் இதே பறவை மயங்கிக் கிடந்தது. யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். லைனிங் துணி போட்டு அட்டைப்பெட்டியில் வைத்தோம். சாயங்காலம் பெட்டியைத் திறந்ததும் விருட்டென்று எதிர்வீட்டு முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. பாப்பாவிடம் சொன்னேன். அக்டோபரில் சென்னையில் நிறைய வீடுகளில் இப்படி விழுமாம், ராத்திரியெல்லாம் பறந்து வந்த களைப்பில். அது போகவேண்டிய இடம் இந்த மாதிரி நிழலும் சருகும் உள்ள தோப்பு. சைதாப்பேட்டை ஷட்டர் இல்லை.

அரை மார்க் ஏன் குறைத்தேன் என்று சொல்லவில்லையே. சத்தம். எவ்வளவு உள்ளே போனாலும் சர்தார் பட்டேல் ரோட்டு ஹாரன் காதில் விழும், தலைக்கு மேலே விமானம் போகும். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஊருக்கு நடுவில் காடு இருந்தால் காட்டுக்கு நடுவில் ஊர்ச்சத்தமும் இருக்கும். மழைக்குப் பிறகு கொசு பின்னி எடுக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போவதும் போகாமல் இருப்பதும் ஒன்று. என் கணக்கில் கார்த்திகை முதல் தை வரை, வார நாளில், திறந்த உடனே உள்ளே போய்விடுவது உத்தமம். திரும்பும்போது வெளியே ஒரு டீ குடியுங்கள், உள்ளே சாப்பாட்டுப் பை வேண்டாம், குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

மற்ற இடங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் இதைவிட அழகு, அதில் சந்தேகமில்லை. 1882-ல் அவர்கள் அங்கே வந்ததிலிருந்து கட்டிக்காத்த மரங்கள். ஆனால் பார்வையாளர் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். ஆறாவது படிக்கும்போது ஸ்கூலில் அங்கே கூட்டிப்போனார்கள். பெரிய ஆலமரத்தின் அடிமரத்தைச் சுற்றி நாங்கள் கை கோத்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. 1989-ல் புயலில் அந்த நடு மரம் சாய்ந்துவிட்டது. இப்போது போனால் சுற்றிலும் விழுதுகள் மரமாகி நிற்கின்றன, நடுவில் வெற்றிடம். முன்பு பார்க்காதவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

தொல்காப்பியப் பூங்கா, அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, 2011-ல் திறந்தது. நட்டு வளர்த்த காடு, தண்ணீர்ப் பறவைகளுக்கு நல்லது. நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய கல்குவாரிப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இருக்கிறது என்று பாப்பா துடிக்கிறாள். என் காலுக்கு அந்தப் பாறை இப்போதைக்கு வேண்டாம்.

கால் மரத்துப்போவது நின்றதா என்றால், பாதி நின்றிருக்கிறது. நடையாலா, வாரம் ஒரு காலை மிஷினை விட்டு எழுந்ததாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பிப்ரவரி முடிய மொத்தம் பதினொரு தடவை போய்விட்டேன். கடை போர்டில் "செவ்வாய் விடுமுறை" என்று இருந்ததை அழித்து "புதன் விடுமுறை" என்று எழுதியிருக்கிறேன். புதன்கிழமை வந்து கதவைத் தட்டாதீர்கள், எவ்வளவு அவசரக் கல்யாணமாக இருந்தாலும் பிளவுஸ் வியாழக்கிழமைதான்.